சத்து மாத்திரையும் இரத்தக் கொழுப்பும்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வத்தைப் புட்டியில் அடைத்துக் கடையில் விற்க முடியுமா? இக்கேள்வி எங்கள் அறிவியல் மன்றத்திற்கு எவ்வாறு வந்தது என்பதை முதற்கண் கூறிவிடுகிறோம்.

நம் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையை அறியாதவர் இப்பக்கத்தில் இலர். மேய்ச்சல் நிலமும் ஏரியும் வயலுமாக இருந்த அவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா இயங்குகிறது. 2020 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பெற்ற கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் அளிக்கிறது. பொழுது விடியுமுன் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்போரில் எங்களில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் உள்ளனர்.

அவர்களுள் ஒருவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார். வயது நாற்பத்திரண்டு. நோய் என்று ஒரு நாளும் படுத்தவரல்லர். சென்ற ஆண்டு தொழிற்சாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தனர். அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் 232 என்று இருந்தது; அருகே ஒரு சிவப்புக் கோடு. “மருத்துவரைப் பார்க்கவும்” என்று அடியில் எழுதியிருந்தது. அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், “இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு? வைட்டமின் மாத்திரை போட்டால் கொழுப்பு கரைந்துவிடும்” என்றார். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு புட்டி வீட்டிற்கு வந்தது. அம்மாதத்திலிருந்து பழக்காரரிடம் வாங்கும் கொய்யாவும் வாழையும் நின்றன. “சத்துதான் மாத்திரையில் இருக்கிறதே, அப்புறம் பழம் எதற்கு?” என்றாராம் தந்தையார்.

மூன்று மாதம் சென்று மீண்டும் சோதித்தபோது எண் 229. “பார், மூன்று குறைந்துவிட்டது” என்று அவர் மகிழ்ந்தார். தோழிக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் வந்து கேட்டாள். “நீங்களே தேடிப் படித்து எழுதுங்கள்” என்று அவர் எங்களிடமே அப்பொறுப்பை ஒப்படைத்தார். அவ்வாறு நாங்கள் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கொலஸ்ட்ரால் பகையா?

கொலஸ்ட்ரால் என்றாலே நஞ்சு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் அது உண்டு. உணவைச் செரிக்க உதவும் பித்த நீரும், உடலை நடத்தும் ஹார்மோன்கள் சிலவும் அதிலிருந்தே உண்டாகின்றன. வெயில் நம் தோலில் பட்டதும் உண்டாகும் வைட்டமின் டி கூடக் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளிலிருந்துதான் பிறக்கிறது. நமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது; அதில் கல்லீரலுக்கு முதன்மையான பங்குண்டு.

எண்ணெய் தண்ணீரில் கரையாதது போல் கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் கரையாது. ஆகவே புரதத்தாலான சிறு வண்டிகளில் ஏறித்தான் அது பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்னும் வண்டி கொலஸ்ட்ராலைக் கல்லீரலிலிருந்து உடலெங்கும் கொண்டு செல்கிறது. இவ்வண்டிகள் மிகுந்துவிட்டால் இரத்தக் குழாயின் உட்சுவரில் சரக்கு படிந்து, ஆண்டுக்கணக்கில் குழாய் குறுகிப்போகும். மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் இது வழி வகுக்கும். எச்.டி.எல். என்னும் வண்டி எஞ்சியதைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவர உதவுகிறது. இவற்றோடு டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு கொழுப்பும் உண்டு.

தோழியின் தந்தையார் தாளில் எல்.டி.எல். 154, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 200 என்றிருந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழும், எல்.டி.எல். 100-ஐ ஒட்டியும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும் இருப்பது நலம் என்பர். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேல் இருக்க வேண்டும். இவை யாவும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள மில்லிகிராம் கணக்கு. அப்படியானால் அவருடைய நான்கு எண்களுமே நல்ல எல்லைக்கு வெளியே நிற்கின்றன. உடம்பில் வலியோ சோர்வோ இல்லையே என்றால், கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பது வலிக்காது. அதுவே அதில் உள்ள அபாயம்.

இது ஒருவர் வீட்டுக் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி வயது வந்த இந்தியருள் நூற்றுக்கு 81 பேருக்கு இரத்தக் கொழுப்பின் அளவுகளில் ஏதேனும் ஒரு கோளாறு காணப்பட்டது.

வைட்டமின் பிறந்த கதை

வைட்டமின் என்னும் சொல்லை 1912 ஆம் ஆண்டு உலகிற்குத் தந்தவர் போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர். அதற்கு முன்பே ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மறைபொருள் அவ்வாறு வெளிப்பட்டது.

நம் தமிழ்நாட்டிற்கும் இக்கதையில் சிறந்த பங்குண்டு. 1918 ஆம் ஆண்டு நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், மருத்துவர் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வே வளர்ந்து, 1958 ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை வேக வைத்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கலரிசி உண்போரைப் பெரிபெரி எளிதில் அணுகுவதில்லை. நம் பாட்டியர் வைட்டமின் என்னும் பெயரறியாமலே அதைக் காத்து வந்தனர்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவ் அமெரிக்கா சென்று, அங்கு அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945 ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று கருவுற்ற தாய்மார்க்கு அது தவறாமல் அளிக்கப்படுகிறது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வைட்டமின் என்பது குறை உள்ள இடத்தில் அற்புதம் செய்யும். தள்ளாடிய கோழி எழுந்து நடந்தது அதனிடம் தவிட்டின் சத்து இல்லாதிருந்ததால்தான். குறையே இல்லாத கோழிக்குத் தவிட்டை அள்ளிக் கொட்டினால் அது பறந்துவிடாது அன்றோ!

மாத்திரை கொழுப்பைக் கரைக்குமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு வைட்டமினாக எடுத்துக் காண்போம்.

வைட்டமின் சி: நெல்லியிலும் கொய்யாவிலும் நிறைந்தது. நல்ல உடல்நலமுடைய பெரியவர்கள் இதை மாத்திரையாக உண்டதால் கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. வைட்டமின் ஈ: இதுவும் கொலஸ்ட்ரால் எண்ணை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களுக்கு இவ்விரண்டையும் ஆண்டுக்கணக்கில் அளித்துப் பார்த்தனர். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று 2008 ஆம் ஆண்டு அறிவித்தனர்.

இங்கிலாந்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 20,536 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2002 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் பாதிப் பேர்க்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டுகள் கொடுத்தனர். மறு பாதிக்குச் சத்தில்லாப் போலி மாத்திரை. முடிவில் இரு சாராரிடையே இதய நோயில் வேறுபாடு இல்லை. அதுமட்டுமன்று, வைட்டமின் உண்டோர் இரத்தத்தில் எல்.டி.எல். சிறிது கூடியே இருந்தது!

வைட்டமின் டி: இது குறைந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அளவும் நன்றாக இருப்பதில்லை என்று பலர் கண்டனர். ஆகவே மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்று நம்பினர். நியூயார்க் நகரில் வைட்டமின் டி குறைந்த 151 பேருக்கு எட்டு வாரம் இதைச் சோதித்து 2012 ஆம் ஆண்டு முடிவு கூறினர். வைட்டமின் அளவு உயர்ந்தது, கொலஸ்ட்ரால் சீராகவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. குடையோடு செல்வோர் மிகுந்த நாளில் மழை பெய்கிறது. குடையை மடக்கினால் மழை நிற்குமா?

ஃபோலிக் அமிலமும் பி12-உம்: இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளை இவை குறைக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகள் அல்ல.

ஒரே ஒரு விலக்கு

வைட்டமின்களில் ஒன்று மட்டும் கொலஸ்ட்ராலை உண்மையாகவே குறைக்கும். அது பி3 எனப்படும் நியாசின். கனடா நாட்டில் ஆல்ட்சூல், ஹாஃபர், ஸ்டீபன் ஆகிய மூவர் 1955 ஆம் ஆண்டு இதை வெளியிட்டனர். மருத்துவர்கள் பல்லாண்டுகள் இதை மருந்தாகவும் அளித்தனர். தந்தையாரின் நண்பர் எங்கோ கேட்ட செய்தியின் வேர் இதுவாகவே இருக்கலாம் என்று எண்ணுகிறோம்.

ஆயினும் இங்கு இரு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது அளவு. நமக்கு நாள்தோறும் தேவையான நியாசின் ஏறத்தாழ 15 மில்லிகிராம். கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுத்ததோ ஆயிரம், இரண்டாயிரம் மில்லிகிராம்! அவ்வளவில் அது சத்து அன்று, மருந்து. முகம் சிவந்து எரியும். இரத்தச் சர்க்கரை ஏறும். கல்லீரலுக்குக் கேடு வரலாம். கடையில் வாங்கும் சாதாரணச் சத்து மாத்திரையில் உள்ள சிறிதளவு நியாசின் கொலஸ்ட்ராலை அசைக்காது.

இரண்டாவது பயன். ஸ்டேட்டின் என்னும் மருந்து ஏற்கெனவே உண்டுவந்த இதய நோயாளிகள் 3,414 பேரிடம் நியாசினைச் சேர்த்துச் சோதித்த ஆய்வு, பயனில்லை எனக் கண்டு 2011 ஆம் ஆண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. பின்னர் 25,673 பேரிடம் நடந்த பேராய்வு 2014 ஆம் ஆண்டு முடிவு கூறியது. தாளில் எண்கள் அழகாயின, மாரடைப்போ குறையவில்லை, சர்க்கரை நோய் முதலிய தொல்லைகள் கூடின. தேர்வுத் தாளில் மதிப்பெண்ணைத் திருத்தி எழுதிவிட்டால் பாடம் வந்துவிடுமா? அது போன்றதே இது.

மூன்று எண் குறைந்தது எப்படி?

232 என்பது 229 ஆனதே என்று தந்தையார் கேட்டாரன்றோ? ஒரே மனிதரின் இரத்தத்தை ஒரே மாதத்தில் இருமுறை சோதித்தாலும் சில விழுக்காடு வேறுபடுவது இயல்பு. காலையும் மாலையும் நம் எடையைப் பார்த்தாலே வேறுபடுகிறதே! 232-இல் மூன்று என்பது நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அதை மாத்திரையின் வெற்றி என்று கொள்ளல் ஆகாது.

மேலும் ஒரு செய்தி. முடிக்கும் நகத்திற்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் என்னும் வைட்டமின் மிகுதியாக இருப்பதுண்டு. அது தைராய்டுச் சோதனை, மாரடைப்பைக் கண்டறியும் சோதனை ஆகியவற்றில் சிலவற்றின் முடிவைப் பிழையாகக் காட்டக் கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2017 ஆம் ஆண்டு எச்சரித்தது. ஆகவே இரத்தம் கொடுக்குமுன் எந்த மாத்திரை உண்கிறோம் என்பதை மறையாமல் சொல்ல வேண்டும்.

“பயன் இல்லாவிட்டால் போகட்டும், கேடு இல்லையே” என்பார் உண்டு. அதுவும் முழு உண்மையன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை ஆராய்ந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்து காணப்பட்டது. 1994 ஆம் ஆண்டு இது வெளியானபோது உலகம் திகைத்தது. பீடி, சிகரெட் பழக்கமுள்ள நம் வீட்டு ஆண்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். அதே பொருள் காரட்டிலும் பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் உணவாக வரும்போது தீங்கில்லை.

எல்லாவற்றினும் பெரிய கேடு வேறொன்று. மாத்திரை உண்கிறோம் என்னும் தைரியத்தில் மருத்துவரிடம் போகாதிருப்பதே அது. எண் உயர்ந்ததற்குத் தைராய்டுக் குறைவு காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம். குடும்ப வழியாக வந்ததாகவும் இருக்கலாம். இவற்றைப் புட்டி அறியாது, மருத்துவரே அறிவார்.

பிறகு என்னதான் செய்வது?

கல்லீரலின் மேல் எல்.டி.எல். வண்டிகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் கதவுகள் போன்ற அமைப்புகள் உள்ளன. இதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவர்களுக்கு 1985 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. கதவுகள் மிகுதியாகத் திறந்தால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறையும். மருத்துவர் அளிக்கும் ஸ்டேட்டின் மருந்து இக்கதவுகளைப் பெருக்குகிறது. நம் அடுப்படியும் ஓரளவு இவ்வேலையைச் செய்யும்! பயறு, பருப்பு, வெண்டைக்காய், வெந்தயம், கொய்யா, ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பற்றி வெளியேற்றுகிறது. புதிய பித்தம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுகிறது. அது இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. தோழியின் வீட்டில் நிறுத்திய கொய்யாவில் வைட்டமின் சி-யும் இருந்தது, இந்நார்ச்சத்தும் இருந்தது. மாத்திரையில் நார் இல்லை.

குறைக்க வேண்டியவற்றுள் முதன்மையானவை வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களும். வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும். 2022 ஆம் ஆண்டு முதல் எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் அது நூற்றுக்கு 2 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். இரவுப் பணியில் கண் விழிக்க டீயும் போண்டாவும் உண்பவர்கள், போண்டாவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ கொண்டு செல்லலாம். வாரத்தில் நூற்றைம்பது நிமிடமேனும் விரைந்து நடத்தல், புகையை அறவே விடல் ஆகியன மற்ற வழிகள்.

மாணவியர்க்கு ஒரு சொல்

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடாதீர்கள், தோழியரே! வளரும் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி. அக்குறையைப் போக்கவே அம்மாத்திரை. கருவுற்ற தாய்க்கு ஃபோலிக் அமிலம், குழந்தைக்கு வைட்டமின் ஏ திரவம், மரக்கறி மட்டும் உண்பவருக்குக் குறை கண்டால் பி12, வெயில் படாமல் வாழ்வோருக்குச் சோதித்தறிந்து வைட்டமின் டி – இவையெல்லாம் தேவை கண்டு தருபவை. தேவை அறிந்து உண்பது மருத்துவம். விளம்பரம் கண்டு உண்பது வீண் செலவு.

பெற்றோர்களே, தொழிற்சாலையில் தரும் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். 2021 ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இறுதியாக, தோழியின் தந்தையார் செய்தியையும் சொல்லி முடிக்கிறோம். இக்கட்டுரையின் முதற்படியை அவள் வீட்டில் உரக்கப் படித்தாள். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வார விடுமுறையில் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் தைராய்டையும் சர்க்கரையையும் சோதிக்கச் சொன்னார். உணவையும் நடையையும் மூன்று மாதம் சீர்செய்து வரும்படியும், அதன்பின் மருந்து வேண்டுமா என்பதைப் பார்க்கலாம் என்றும் கூறினார். இம்மலர் அச்சுக்குச் செல்லும் இந்நாளில் மூன்று மாதம் நிறைவுறவில்லை. எண் என்னவாகும் என்று நாங்கள் அறியோம். ஆனால் அவர்கள் வீட்டில் கொய்யாப்பழம் மீண்டும் வந்துவிட்டது. காலியான புட்டியில் தோழியின் தாயார் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார்.

கேட்டதை நம்புமுன் ஆராய்வோம், ஆராய்ந்ததை அன்போடு வீட்டில் சொல்வோம், நலமுடன் வாழ்வோமாக!